திரும்பி வந்த போல்ட்

மேசைமேல் இரண்டு துண்டாகக் கிடந்த போல்ட்டை அப்துல் ரவூப் தொடவில்லை. முன்பின் அறியாதவர் கழற்றிவைத்த பல் செட்டைப் பார்ப்பதுபோல் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார்.

"நம்ம கடையில வாங்கினதுதான் பாய்," என்றார் சங்கிலிப்பாண்டி. "டிராக்டர் பின்னால மாட்டுத தட்டை வெட்டுத மெஷின் இருக்குல்லா, அதுல போட்டது. நேத்து டக்குனு போயிட்டு."

அந்த 'டக்' ரவூப்பின் நெஞ்சுக்குள் ஒருமுறை கேட்டு அடங்கியது.

கோவில்பட்டிக் கடைத்தெருவில் அவருடைய இரும்புக்கடைக்கு ஒரு பெயர் இருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் பூட்டு, நூற்பாலைக்கு நட்டு, கரிசல் காட்டுக்கு மண்வெட்டி என்று எதை விற்றாலும், 'ரவூப் கடையில் வாங்கியது திரும்பி வராது' என்று ஊர் சொல்லும். அவருடைய வாப்பா சொல்லிச் சொல்லி ஊரையும் சொல்லவைத்த வாசகம் அது. அடுத்த மாதம் கடையை மருமகன் சபியுல்லாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்து உட்காருவதாக ரவூப் முடிவு செய்திருந்தார். ஒப்படைக்கவிருந்த சொத்துகளில் இரும்பைவிட எடை கூடியது அந்த வாசகம்தான்.

இப்போது அது இரண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது.

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். கதவுக்குக் கீல் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையிலிருந்த கீலை மெல்லக் கீழே வைத்தாள். கை வலித்து வைத்திருக்கலாம். ரவூப்புக்கு அப்படித் தோன்றவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி," என்றார்.

"மெதுவாத்தான பேசுதேன். இதே மாதிரி ஒண்ணு குடுங்க பாய், போயிட்டே இருக்கேன். மெஷினு காட்டுல நிக்குது."

காட்டிலிருந்து வருகிறவர்கள் சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. பழையதைக் கையோடு கொண்டுவந்து, 'இது மாதிரி' என்று நீட்டுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். தேய்ந்த வாஷரையும் அறுந்த பெல்ட்டையும் அப்படி நீட்டியவர்களுக்கெல்லாம் ரவூப் சிரித்த முகத்தோடு புதியது எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் தேய்வது வேறு, உடைவது வேறு. தேய்வது முதுமை. உடைவது துரோகம்.

புதிய போல்ட் ஒன்றை எடுத்துத் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"காசு வேண்டாம்."

"ஏன் பாய்? வீட்டுல ஏதும் விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. மன்னிச்சிக்கிடுங்க."

"எதுக்கு?"

"நீங்க பெரிய மனுசன் அண்ணாச்சி. சொல்லிக் காட்டமாட்டீங்க."

சங்கிலிப்பாண்டிக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் வெயிலின் கணக்கில் எழுதிவிட்டுப் போகும் சுபாவம் அவருக்கு. போய்விட்டார்.

அவர் காடு உழுது பிழைக்கும் வெறும் சம்சாரி அல்லர். எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஊர் ஒன்றில் உழவர் குழுவின் தலைவர். மக்காச்சோளக் கதிரை ஒடித்தபின் காட்டில் நிற்கும் தட்டையையும் ஊடே முளைத்த கருவேலங்கன்றுகளையும் தூளாக்கி மண்ணோடு சேர்க்கிற அந்தச் சுழல் வெட்டு இயந்திரம் குழுவுக்கே பொது. வேலிக்கம்பி வாங்குவதானாலும் விளக்குமாற்றுக்குக் கம்பு வாங்குவதானாலும் அந்த ஊர் அவர் கை காட்டுகிற கடைக்குத்தான் போகும். அந்தக் கை வேறு திசையில் நீண்டுவிட்டால் வாப்பாவின் வாசகம் என்னாகும் என்று நினைத்தபோது, நின்ற இடத்திலேயே ரவூப்புக்குக் காது சுட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் சங்கிலிப்பாண்டி மறுபடியும் வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். உள்ளே இரண்டு துண்டுகள்.

"மறுபடியும் போயிட்டு பாய்," என்றார், ஏதோ நல்ல சேதி சொல்கிறவர்போல. "பழைய வரப்புக்கல்லு ஒண்ணு தட்டைக்குள்ள மறைஞ்சு கெடந்திருக்கு. பிளேடு போயி ஓங்கி அடிச்சிட்டு."

ரவூப் தலையைக் குனிந்துகொண்டார். குற்றத்தைச் சொல்லிவிட்டுக் கல்லின்மேல் பழியையும் தாமே போட்டுவிடுகிற பெருந்தன்மை அவரைத் திட்டுவதைவிட அதிகம் வதைத்தது.

"அதனால இந்தத் தடவை ஒரு பத்து சேத்துக் குடுங்க. சும்மா சும்மா வர முடியாதுல்லா."

"பத்தா?"

"பத்து. முடிஞ்சா இன்னும் ரெண்டு கூடத்தான் குடுங்களேன்."

ஒன்று உடைந்தது என்று சொல்கிறவன் குறை சொல்கிறான். இனிமேல் பத்து உடையும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது? ரவூப் உள்ளறைக்குள் போய் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, ஊர்ச் சனம் முன்னால வச்சு மானத்த வாங்குதாரு."

"ஒரு போல்ட்டுக்கா மாமா இம்புட்டு?" என்றான் சபியுல்லா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மில்லுக்குன்னு எடுத்துவச்ச கறுப்புப் போல்ட்டு கெடக்குல்லா, அதுல ஒண்ணக் குடுத்து விடுங்க. பிரிட்ஜுக்கே போடலாம் அத."

ரவூப்பின் முகம் தெளிந்தது. நூற்பாலையின் பெரிய எந்திரங்களுக்காக வரவழைத்த கடின எஃகு போல்ட் அது. அளவும் அதே அளவு. செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே கடையின் சீட்டையும் ஒட்டிக் கொண்டுவந்தார்.

"பத்து வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு போதும். பிரிக்காம அப்படியே டிரைவர்கிட்ட குடுத்து மாட்டச் சொல்லுங்க. இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம்."

சங்கிலிப்பாண்டியின் முகம் சுருங்கியது. "வரவே வேண்டாமா? ஏதும் கோவமா பாய்?"

"ஐயையோ, இல்ல! வர்ற மாதிரி ஆகாதுன்னு சொல்லுதேன்."

"வந்தா என்ன பாய்? நல்ல சாமான் கெடைக்குத கடைக்கு வரத்தான செய்வோம்."

இதுவும் குத்தல்தான் என்று ரவூப் எடுத்துக்கொண்டார். மானத்துக்கு அஞ்சி நடுங்குகிற நேரத்தில் மனிதனின் காதில் ஒரு முள் முளைத்துவிடுகிறது. எந்தச் சொல் உள்ளே போனாலும் அதில் தைத்துத்தான் போகும்.

அவர் போனதும் ரவூப், "மாப்ளே, அந்தப் பழைய போல்ட்டு இருக்குத பெட்டி மொத்தத்தையும் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க," என்றார். "அதுல ஒண்ணுகூட இந்தக் கடையில இருக்கப்படாது."

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி ரசியா அப்பளத்தை உடைத்தார். 'டக்' என்றது. ரவூப் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"இப்ப எதுக்கு அத உடைக்கே?"

"உடைக்காம முழுசாவா முழுங்கச் சொல்லுதிய?"

பதில் சொல்வதற்குள் கைப்பேசி அழைத்தது. டிராக்டர் ஓட்டும் யோகராஜ்.

"மொதலாளி, அண்ணாச்சி போனை எடுக்க மாட்டேங்காவ. பொட்டலத்துல ஒட்டியிருந்த நம்பரப் பாத்துப் பேசுதேன். மெஷின்ல ஒரு கோளாறு."

ரவூப் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "போல்ட்டு?"

"போல்ட்டு சும்மா ஜம்முன்னு இருக்கு."

"உடையல?"

"உடையல."

"கீறல்?"

"ஒரு கீறலும் இல்ல. ஆனா புகை வருது."

"போல்ட்டுல இருந்தா?"

"இல்ல மொதலாளி, கிளட்ச்சுல இருந்து."

போல்ட்டிலிருந்து இல்லை. ரவூப் இறைவனுக்கு நன்றி சொன்னார். கை கழுவும்போதுதான் வேறொன்று உறைத்தது. தம் கடைச் சாமான் மாட்டிய மறுநாளே புகை வருகிறது. புகையைப் பார்க்கிறவன் போல்ட்டைப் பற்றிப் பேசமாட்டானா? சங்கிலிப்பாண்டி காட்டுக்கு வருவதற்குள் அதைச் சரி செய்துவிட வேண்டும். ஸ்பேனர் பை, எண்ணெய்க் குப்பி, சமாதானத்துக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் ஆகியவற்றோடு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் அவருடைய ஒற்றைச் செருப்பு இறங்கி மாட்டிக்கொண்டது. அதை மீட்கக் குனிந்தபோது எண்ணெய்க் குப்பி சாய்ந்து வேட்டியில் ஒரு தீவு வரைந்தது; செருப்பு வரவில்லை. கோளாறைச் சரி செய்யப் போகிறவரின் கோலமாக அது இல்லை.

டிராக்டர் பக்கத்தில் யோகராஜும், சங்கிலிப்பாண்டியின் மனைவி காளீஸ்வரியும் நின்றிருந்தார்கள். வரப்பில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிலர் வேடிக்கைக்கு வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க பாய்," என்றாள் காளீஸ்வரி. "அவிய சோளம் விக்க மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருக்காவ. வர்ற நேரந்தான்."

"அதுக்குள்ள முடிச்சிருவோம் தாயி."

"உங்களுக்கு எதுக்கு இந்த வெயில்ல சிரமம்? அவிய வந்து பாத்துக்கிடமாட்டாவளா?"

"அவிய பாக்கவே கூடாதும்மா."

காளீஸ்வரி யோகராஜைப் பார்த்தாள். யோகராஜ் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தான்.

டிராக்டரின் விசையை வெட்டும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டில், கறுப்புப் போல்ட்டுக்குப் பக்கத்தில், அந்தக் கிளட்ச் இருந்தது. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, சுற்றிலும் ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. ரவூப் விரலால் தொட்டார். விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"காஞ்சு போயிருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல."

"இதுல எண்ணெய் விடலாமா மொதலாளி?" என்றான் யோகராஜ். "எனக்கு ஓட்ட மட்டுந்தான் தெரியும். சும்மா கேக்குதேன்."

"இரும்புக்கு எண்ணெய் விடாம மோரா விடுவாவ?"

தட்டுகளுக்கு நடுவே தாராளமாக எண்ணெய் விட்டார். யோகராஜ் வண்டியைக் கிளப்பினான். தண்டு சுற்றியது. தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கின. வெட்டுக் கத்தி அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. அடுத்த கணம் எழுந்த புகையில் யோகராஜே மறைந்துபோனான்.

"பாய், கொசுவுக்கு மருந்தடிக்கியளா?" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, சும்மா இரி. பெரியவுக வேல பாக்காவ," என்று இன்னொரு குரல் அடக்கியது. அடக்கிய குரலில் சிரிப்பு கூடுதலாக இருந்தது.

ஒரு தூக்கணாங்குருவி தன் கூட்டிலிருந்து நார் ஒன்று நழுவி விழுந்ததைப் பார்த்ததாம். பக்கத்துக் கூட்டுக் குருவிகள் பார்த்துவிடுமே என்று வெட்கப்பட்டு, நாருக்குப் பதிலாக இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து செருகியதாம். கம்பியின் கனத்தில் கூடு சரிந்தது. சரிவை மறைக்க மறுபக்கம் இன்னொரு கம்பி. கடைசியில் கூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. முறிந்த கிளையைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தக் குருவி இறகுக்குப் பதில் எண்ணெய் பட்ட வேட்டியைக் கட்டியிருந்தால், அன்று மக்காச்சோளக் காட்டில் நின்றவரைப் போலத்தான் இருந்திருக்கும்.

"ஸ்பிரிங்கு தளந்திருக்கு," என்று ரவூப் அடுத்த முடிவுக்கு வந்தார். "அதான் வழுக்குது. ஸ்பேனரை எடும்."

காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "பாய், அத அவிய அளவு பாத்து வச்சிருந்தாவ. யாரையும் தொட விடமாட்டாவ."

"அளவு தப்பும்மா. அதான் புகையுது. நீங்க கவலப்படாதிய."

சுற்றிலும் இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். கை அசந்தபோது ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகிக்கொண்டார். குழாயும் அசந்தபோது யோகராஜை அதன்மேல் உட்காரச் சொன்னார். மிட்டாய் தின்ற நன்றியில் அவனும் உட்கார்ந்தான். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்பிரிங் என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டன.

"இப்ப ஓட்டும்."

யோகராஜ் ஓட்டினான்.

புகை இல்லை. வழுக்கல் இல்லை. கத்தி சீறிக்கொண்டு சுழன்றது. தட்டை பொடிப் பொடியாகப் பறந்து பின்னால் படிந்தது. கருவேலங்கன்றுகள் இருந்த சுவடே தெரியவில்லை. வரப்புக்காரர்களில் ஒருவர் கைதட்டினார். ரவூப் வெயிலில் நிமிர்ந்து நின்றார். எத்தனையோ நாளாகக் குனிந்தே இருந்த தலை அது. வாப்பா மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது. மீதிக் கடலைமிட்டாயை வரப்புக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.

"சாமான்னா நம்ம கடைச் சாமான்தான். அண்ணாச்சி வந்தா இதச் சொல்லுங்க, என்ன?" என்றார்.

சொல்லி வாயை மூடவில்லை. தட்டைக்குள் எங்கோ பதுங்கிக் கிடந்த இன்னொரு வரப்புக்கல் கத்தியை எதிர்கொண்டது.

இந்த முறை 'டக்' என்ற சத்தம் கேட்கவில்லை. கேட்ட சத்தத்தை எழுதிக்காட்ட எழுத்து போதாது. டிராக்டர் துள்ளி எழுந்து அமர்ந்தது. யோகராஜ் இருக்கையை விட்டுக் குதித்து, தொலைவில் போய்த்தான் திரும்பிப் பார்த்தான். மடையான் கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிக் கழுகுமலைப் பக்கம் பறந்தன.

தூசி அடங்கியபின் ரவூப் கிட்டப் போனார். விசைத் தண்டு முறுக்குப்போல் முறுக்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸின் கூடு குறுக்கே பிளந்து, உள்ளிருந்த எண்ணெய் கரிசல் வெடிப்புக்குள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில், மாட்டிய மேனிக்கு, ஒரு கீறலும் இல்லாமல் கறுத்துப் பளபளத்தது போல்ட்.

ரவூப் கடையில் வாங்கியது உடையவில்லை. அதைச் சுற்றியிருந்த எல்லாம் உடைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலிப்பாண்டியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

ஓடிவிடலாமா என்றுகூட ரவூப் நினைத்தார். ஆனால் ஒற்றைச் செருப்போடு கரிசலில் ஓட முடியாது. அதோடு, மானத்தை மறைக்கப் போட்ட ஆட்டமெல்லாம் முடிந்துபோனது அவருக்கே தெரிந்தது. மெதுவாக நடந்து அவர் முன்னால் போய் நின்றார். தலையிலிருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, யோகராஜ திட்டாதீங்க. எல்லாம் என் வேல. உங்ககிட்ட குடுத்தது நீங்க கேட்ட போல்ட்டு இல்ல, மில்லு போல்ட்டு. சொல்லாமக் குடுத்தேன். எண்ணெய் விட்டது நான். ஸ்பிரிங்க இறுக்குனது நான். இதுக்கு ஆவுற எல்லாத்துக்கும் நான் பொறுப்பு."

சங்கிலிப்பாண்டி பிளந்து கிடந்த கியர்பாக்ஸைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கீழே குனிந்து கறுப்புப் போல்ட்டை விரலால் தொட்டார். வரப்பில் மிட்டாய் கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"எதுக்கு பாய்?" என்றார் கடைசியில். கோபத்தைவிட வியப்பே அந்தக் குரலில் இருந்தது. "எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?"

"வெக்கமாப் போச்சு அண்ணாச்சி. எங்க வாப்பா காலத்துல இருந்து நம்ம கடைச் சாமான் ஒண்ணுகூட உடைஞ்சு திரும்பி வந்ததில்ல. நீங்க கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்து மேசமேல வைக்கும்போது, என் மானத்த வைக்குத மாதிரி இருந்துச்சு. பத்து குடுங்கன்னு கேட்டீங்க பாருங்க, நேத்து ராத்திரி நான் சாப்பிடல."

"பாய், அது வந்து..."

"இல்ல அண்ணாச்சி, நான் பேசி முடிச்சிருதேன். இனிமே அப்படி ஒரு சாமான் என் கடையில இருந்து யாருக்கும் போவாது. அந்த போல்ட்டுப் பெட்டி மொத்தத்தையும் நேத்தே பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இந்நேரம் உருகியிருக்கும்."

அதுவரை நின்றிருந்த சங்கிலிப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

ரவூப் திகைத்தார். கியர்பாக்ஸ் பிளந்ததைப் பார்த்து நின்ற மனிதர், உதவாத போல்ட் பெட்டி ஒன்று போனதற்கு உட்காருகிறாரே. உதவிக்குக் காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"ஏம் பாய்," என்றாள் அவள், "கத்தி கல்லுல அடிச்சா கியர்பாக்ஸுக்குப் பதிலா தான் உடைஞ்சு அதக் காப்பாத்தணும்னுதான அந்த எடத்துல போல்ட்டு மாட்டுதது, மத்த கடைப் போல்ட்டு எதுவும் ஒழுங்கா உடையமாட்டேங்குதுன்னு அவிய எட்டயபுரம், கழுகுமலையெல்லாம் அலைஞ்சு, கடைசியா உங்க கடையிலதான கண்டுபிடிச்சாவ!"